பக்கத்து அறையில் இருந்த சின்ன டாக்டர்

ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஹோட்டலுக்கு டிபன் சாப்பிடப் போகிற வயதில் இருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் போனவன்தான். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு காபி கிளப்பில் சாம்பார் வாளி அதன்மேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு நெடுநாள் என் நோயாளிகளின் நெஞ்சில் பெருங்காய வாசனையைத் தடவிக்கொண்டுதான் வைத்தியம் பார்த்தேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கிருக்கும் தகுதியை இதிலிருந்தே அளந்துகொள்ளலாம்.

மருந்து, அளவு, ஊசி எல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் புத்தகங்களைவிட நன்றாகவே இருக்கிறது. நான் சொல்ல வருவது எங்கள் புத்தகங்களில் இல்லாத ஒரு விஷயம். நோயாளியின் உடம்பை டாக்டரே கெட்ட எண்ணத்தோடு தொட்டால் என்ன செய்வது? படித்து முடிக்கும்வரை ஒருவரும் எனக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிணத்தை எப்படி மரியாதையாகக் கையாள வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல நேரம் இருக்கவில்லை போலும்.

அறுபதுகளில் படிப்பை முடித்த கையோடு செஞ்சிக்கு வந்தேன். ஊரில் பெரிய பெயர் எடுத்திருந்த ஒரு தனி டாக்டர் உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவரை ஊரில் பெரிய டாக்டர் என்பார்கள். நான் வந்ததும் எனக்குச் சின்ன டாக்டர் என்று பெயர் விழுந்தது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குப் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவர் கெட்டிக்கார டாக்டர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது. வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அவரைத் தேடி வந்தார்கள். எங்கள் மருத்துவமனைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு நயினார், கடலை வியாபாரம் செய்த சமணக் குடும்பத்துப் பெரியவர். அவருடைய ஒரே பையன் தொண்டை அடைப்பான் வந்து மூச்சுத் திணறியபோது பெரிய டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்க வைத்தார். அதிலிருந்து நயினார் மருத்துவமனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

என்னையும் அவர் தாங்கினார். மத்தியானச் சாப்பாடு ஆனதும், "போய்க் கொஞ்சம் படுத்து எழு தம்பி. இந்த நேரத்துல பொம்பளைங்கதான் வருவாங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். பக்கத்து அறையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் விழுந்தால் எனக்கு உலகம் கிடையாது. வெளியே காத்திருப்பவர்களிடம் கம்பவுண்டர், "சின்ன டாக்டர் படிச்சுக்கிட்டிருக்காரு" என்று சொல்லிவைத்திருந்தார். ஊரெல்லாம் என்னைப் பெரிய படிப்பாளி என்று நம்பியது. கொஞ்சநாளில் அதை நானே நம்ப ஆரம்பித்தேன். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் 'இவர் என்னை மகன் மாதிரி பார்த்துக்கொள்கிறார்' என்று எழுதினேன்.

ஒருநாள் காலையில் பெரிய டாக்டர் வல்லத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். பச்சையம்மாள் என்ற பெண் வந்தாள். கடலை மண்டியில் காய் உடைக்கும் வேலை செய்பவள். புருஷன் கல் உடைப்பவன். காதில் சீழ் என்று இதற்கு முன்பே வந்து போனவள்தான். மத்தியானங்களில் வந்ததால் நான் அவளைப் பார்த்ததில்லை. காதைப் பார்த்தேன், நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டரய்யா? கோச்சிக்கக் கூடாது."

"கேளும்மா."

"காதுல சீழு வந்தா மாரத் தொட்டுப் பாக்கணும்னு உங்க படிப்புல இருக்குதா?"

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகிப்போனது.

"யாரு பாத்தாங்க?"

"பெரிய டாக்டருதான். ரெண்டு தபாவும். ரவிக்கைய அவுத்துட்டு அந்தத் தட்டிக்குப் பின்னால படுன்னாரு. காதுக்குத்தானே வந்தேன்னு கேட்டேன். சும்மா இரு, எனக்குத் தெரியும்னாரு. அப்டிப் பாக்கறதுதான் வழக்கமா? இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க, நான் போறேன்."

என்னுடைய பல வருடப் படிப்பும் திரண்டு வந்து என் வாயில் வைத்த பதில் இது: "பாத்துச் சொல்றேன்."

"இன்னாது, உங்களுக்கே தெரியாதா?"

"பாக்கணும்மா."

"சரி, பாருங்க. அடுத்த சந்தைக்கு வருவேன், அப்ப சொல்லுங்க" என்று எழுந்து போனாள்.

சிரிக்காதீர்கள், உண்மையாகவே பார்த்தேன். சாயங்காலம் அறைக்குப் போய்க் காது, மூக்கு, தொண்டைப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு காரணம் தேடினேன். காதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் போகிறது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய். அதற்குக் கீழே நுரையீரல். நுரையீரல் இருப்பது நெஞ்சில். ஆகவே, என்று செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்குத் திருவண்ணாமலை வழியாகப் போக ஒரு பாதை போட்டுக்கொண்டிருந்தேன். என்னை மகன் மாதிரி பார்த்துக்கொள்பவரைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுற்றத் தயாராக இருந்தேன். அப்போதுதான் முந்தின நாள் காதில் சீழோடு வந்த வண்டிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். பெரிய டாக்டர் அவர் காதைப் பார்த்தார், மருந்து எழுதினார், அனுப்பினார். சட்டைப் பொத்தானைக்கூடத் தொடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று மத்தியானம் போல இல்லாமல் ராத்திரி தூக்கம் வரவில்லை.

திண்டிவனத்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். வயதானவர், வாய் கொஞ்சம் அதிகம். சிக்கலான பிரசவங்களை அவரிடம்தான் அனுப்புவோம். மறுநாள் பஸ் ஏறிப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் தேடியதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"புத்தகத்துல பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"கெடைச்சுதா?"

"இல்ல மேடம்."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட சந்தேகம் கேக்கலப்பா. புகார் குடுத்திருக்கா. இந்தப் புகாரெல்லாம் கேள்வி மாதிரிதான் வரும். 'இப்படிப் பாக்கறதுதான் வழக்கமா'ன்னு எங்கிட்டயும் சிலபேர் கேட்டிருக்காங்க. யாரு, எந்த டாக்டருன்னு திருப்பிக் கேட்டா வாயை மூடிக்குவாங்க. இவ பேரைச் சொல்லியிருக்கா."

இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள். அப்போது 'பாத்துச் சொல்றேன்' என்று சொல்லாதீர்கள். 'இல்லை, அது வழக்கம் இல்லை' என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.

சென்னையில் டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் இருப்பதும், அது நினைத்தால் ஒருவர் பெயரை நீக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். என் பெயரைப் பதிவு செய்ய ஒருமுறை அங்கே போய்வந்தவன்தானே. நீக்குவதற்காகவும் ஒருவர் அங்கே போகலாம் என்று மட்டும் தோன்றியதில்லை. உடனே எனக்கு வீரம் வந்துவிட்டது. "நாளைக்கே அவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன் மேடம்" என்று எழுந்தேன்.

"உக்காரு. போறதா வேண்டாமான்னு நீ யாரு முடிவு பண்ண? அவளைக் கேக்க வேண்டாமா?"

சந்தையன்று லேடி டாக்டரே செஞ்சிக்கு வந்தார். கோட்டைப் பக்கம் குளத்தங்கரையில் உட்கார்ந்து பேசினோம். பச்சையம்மாள் புருஷனோடு வந்திருந்தாள். முதலில் நான் அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சொன்னேன். "அப்படி ஒண்ணு எங்க படிப்புல இல்லம்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

புருஷன் எழுந்து நின்றுவிட்டான். "நான் போயி அந்த ஆள வெட்டிட்டு வந்துர்றேன்."

"வெட்டிட்டு ஜெயில்ல போயி உக்காந்துக்கோ. நான் காய் ஒடச்சி உனக்குச் சோறு கொண்டாறேன்" என்றாள் பச்சையம்மாள். அவன் உட்கார்ந்தான்.

லேடி டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. சென்னைக்கு வரவேண்டும், ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் நடந்ததைச் சொல்லவேண்டும், பொய் சொல்கிறாய் என்பார்கள், கடைசியில் ஒன்றும் நடக்காமலும் போகலாம் என்றார். நான் அவர் காதோரம், "இவ்வளவும் சொன்னா பயந்துட மாட்டாங்களா மேடம்?" என்றேன்.

"சொல்லாம கூட்டிக்கிட்டுப் போனா அந்த ஆளுக்கும் நமக்கும் என்னப்பா வித்தியாசம்? அவரும் எதுக்குன்னு சொல்லாமத்தானே படுக்கச் சொன்னாரு?"

பச்சையம்மாள் குளத்துத் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்க அக்கா பொண்ணு பெரிசாயிடுச்சி. நாளைக்கி அதுக்குக் காதுவலி வந்தா நான் எங்க இட்டுகினு போவேன்? இந்த ஊர்ல இருக்கறது அந்த ஒரு ஆஸ்பத்திரிதான்னு எங்களுக்கு நெனப்பு. வர்றேம்மா. வந்து சொல்றேன்."

புகார் அவள் பெயரில் போனது. கொஞ்சநாள் கழித்துப் பெரிய டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கையில் கவுன்சிலின் நோட்டீஸ் இருந்தது. என்னைச் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. என்னைப் போன்ற ஒருவனைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றியிருக்காது.

"தம்பி, உன்னை ஒரு பொய்கூடச் சொல்லச் சொல்லமாட்டேன். அந்தப் பொம்பளை வந்தப்போ நீ பக்கத்து ரூம்லதானே இருந்தே?"

"ஆமா சார்."

"ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இல்ல சார்."

"அதைத்தான் அங்க கேப்பாங்க. அதை மட்டும் சொல்லு. உண்மைய மட்டும் சொல்லு."

அன்று சாயங்காலம் நயினாரும் வந்தார். சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் எப்போதும் அவசரமாகப் பேசுகிறவர், அன்று பொறுமையாக நின்றார். "அவரு இல்லன்னா என் பையன் இல்ல தம்பி. நீங்க கண்ணால பாக்காததச் சொல்ல வேணாம். பாத்ததச் சொன்னாப் போதும்." அவரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவர் குடும்பத்தில் பொய் சொல்வது பாவம்.

என் நிலைமையைப் பாருங்கள். இரண்டு பெரியவர்கள் என்னிடம் உண்மையைச் சொல் என்று கெஞ்சுகிறார்கள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்? சென்னைக்குப் போகும் பஸ்ஸில் சலவைச் சட்டை கசங்காமல் உட்கார்வதைப் பற்றித்தான் அதிகம் யோசித்துக்கொண்டு போனேன்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. அதன் பின்னால் வயதான டாக்டர்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவர் காதுக்குக் கருவி மாட்டியிருந்தார். இங்கிலீஷிலேயே ஆரம்பித்தார்கள். லேடி டாக்டர் எழுந்து, புகார் கொடுத்தவருக்குப் புரியும் மொழியில் நடத்துங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார்.

பெரிய டாக்டருக்காக வந்திருந்த நயினாரும் கேட்டுக்கொண்டிருக்க, பச்சையம்மாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பெரிய டாக்டரின் வக்கீல் கேட்டார்: "பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார். வெளியே ஜனங்கள். நீ சொல்வதுபோல் நடந்திருந்தால் ஏன் கூச்சல் போடவில்லை?"

அவள் நன்றாக யோசித்துச் சொல்லவேண்டிய கேள்வி என்று நினைத்தவளைப் போலத்தான் இருந்தாள்.

"டாக்டரு தொட்டா வலிக்கும், பொறுத்துக்கணும்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க. வலிச்சா கத்தலாம். இது வலிக்கலீங்க. அசிங்கமா இருந்துது. அதுக்கு எப்டிக் கத்தறதுன்னு எனக்குத் தெரியல."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அடுத்தது நான்.

"நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"இடையில் சுவர் உண்டா?"

"மரத் தடுப்புதான். மேலே திறந்திருக்கும்."

"கூச்சலோ, பேச்சோ, ஏதாவது கேட்டதா?"

"இல்லை."

"நன்றி டாக்டர்."

அவ்வளவுதான். எழுந்து என் நாற்காலிக்குத் திரும்பினேன். வழியில் பச்சையம்மாளைக் கடக்க வேண்டியிருந்தது. அவள் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். அவள் பார்க்கவில்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டதுபோல, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் தயாரானாள். அதுதான் என்னை நிறுத்தியது.

"ஐயா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன்.

"என்ன?" என்றார் தலைவர்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்கறது உண்மைதான். ஏன்னா நான் தூங்கிக்கிட்டிருந்தேன்."

மேஜைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு எழுந்தது.

"அன்னைக்கு மட்டும்தானா?"

"தினமும்."

"யாராவது கத்தியிருந்தா எழுந்திருப்பீங்களா?"

"எங்க ஊர்ப் பக்கம் பாறைக்கு வெடி வெப்பாங்க ஐயா. அதுக்கே எழுந்திருக்க மாட்டேன். கம்பவுண்டர் வந்து காலைப் பிடிச்சு உலுக்கணும்."

அறையே சிரித்தது. வக்கீல் சிரித்தார். பெரிய டாக்டர்கூடப் புன்னகை செய்தார். என் காது எரிந்தது. எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அந்த அறையில் இருந்த யாராவது பெண் வீட்டாருக்குச் சொந்தமாக இருந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை ஓடியது. செஞ்சியின் படிப்பாளி அன்றோடு செத்தார்.

காதுக் கருவி மாட்டியிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கேட்டார்: "வேலை நேரத்துல உங்களைத் தூங்கச் சொன்னது யாரு?"

"பெரிய டாக்டர்தான். 'நீ போய்ப் படு, பொம்பளைங்களை நான் பாத்துக்கறேன்'னு சொல்வார்."

"அந்த நேரத்துல கம்பவுண்டர்?"

"அவரைச் சாப்பாட்டுக்கு அனுப்பிடுவார்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதிய பாசம் எனக்காக ஏற்பட்டது இல்லை. தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு டாக்டர் இருக்கவும் வேண்டும், அவர் எதையும் கேட்காமல் இருக்கவும் வேண்டும். அந்த வேலைக்கு என்னைப்போல் பொருத்தமான ஆளை ஜில்லாவெங்கும் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அறையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் முதல் முறையாக மேஜையைப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நயினார் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. திண்டிவனம்வரை நின்றுகொண்டே வந்தார்.

பெரிய டாக்டரின் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. செய்தி வந்ததும் நான் மண்டிக்கு ஓடினேன், ஏதோ நானே பரீட்சையில் தேறியதுபோல. பச்சையம்மாள் கடலைக் குவியலிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: "இனிமே அவரு டாக்டரு இல்லியா?"

"இல்லை."

"வேற ஊருக்குப் போயி போர்டு மாட்டினா?"

"மாட்டக் கூடாது."

"கூடாதுன்றது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு யாரு சொல்லுவா?"

அவள் பயந்தபடியே நடந்தது. வேறு ஜில்லாவில் ஒரு ஊரில், அவர் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் எழுத்துகள் எதுவும் இல்லாமல் ஒரு போர்டு தொங்குவதாகக் கேள்விப்பட்டோம். லேடி டாக்டர் போலீசுக்கும் கவுன்சிலுக்கும் எழுதி எழுதி அதை இறக்க வைத்தார். அதற்குள் அங்கே எத்தனை பேர் அப்படி ஒரு தட்டிக்குப் பின்னால் போனார்களோ, எனக்குத் தெரியாது. பெயரை நீக்குவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஒருவர் உங்களில் கவுன்சிலுக்கு உறுப்பினராகப் போனால், பச்சையம்மாளின் கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள்.

செஞ்சியில் எனக்குப் புதுப் பெயர் கிடைத்தது: தூங்குமூஞ்சி டாக்டர். ஓய்வு பெறும்வரை அது போகவில்லை. பலபேர் என்மேல் ஆத்திரமாக இருந்தார்கள். பிள்ளையைப் பிழைக்க வைத்தவரை ஊரைவிட்டு விரட்டினவன் என்றார்கள். அதே மருத்துவமனையை நான் தொடர்ந்து நடத்தினேன்; நயினார் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்வார் என்று தினமும் எதிர்பார்த்தேன். அவர் வரவே இல்லை.

நான் மட்டும் இதற்குள் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எதிர்த் திசையில் ஓடிப்போய் முட்டிக்கொண்டேன். எந்தப் பெண் வந்தாலும் மேஜைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பேன். கையை நீட்டிப் புடவைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைப்பேன். எனக்குக் கேட்டதெல்லாம் புடவையின் சரசரப்புதான். அனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் வயிற்றுவலியோடு வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் தொடவில்லை. சூட்டுவலி என்று சொல்லி மிக்சர் மருந்து கொடுத்து அனுப்பினேன். என் ஒழுக்கத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. குடல்வால் வீங்கி உடையும் நிலையில் அவளைத் திண்டிவனத்துக்குத் தூக்கிப்போனார்கள். நல்லவேளையாகப் பிழைத்தாள். லேடி டாக்டர் என்னை வரவழைத்தார்.

"ஏன் தொட்டுப் பாக்கல?"

"யாராவது தப்பா நெனைச்சுட்டா..."

"யாரை?"

"என்னை."

"அந்த ஆளு தன்னைப் பத்தியே நெனைச்சுக் கைய வெச்சான். நீ உன்னைப் பத்தியே நெனைச்சுக் கைய எடுத்தே. அவளைப் பத்தி எவன்டா நெனைச்சது?"

அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை. அதற்குப் பிறகும் போட்டதில்லை.

அன்றைக்குத்தான் ஒரு வழக்கத்துக்கு வந்தேன். பெண் நோயாளியோடு துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்க வேண்டும். துணை இல்லையென்றால் கம்பவுண்டரின் மனைவி வந்து நிற்பார். எங்கே பார்க்கப்போகிறேன், எதற்காக என்று முதலில் சொல்வேன். பிறகு, பார்க்கலாமா என்று கேட்பேன். முதலில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் ஒப்பிப்பவன் மாதிரி வேர்த்துப்போகும். ஒரு கிழவி, "பாக்கலாமான்னு கேக்கறியே, பாக்கத் தெரியாதா உனக்கு?" என்று எழுந்து போய்விட்டாள். போகப்போகப் பழகிவிட்டது. பழகியதும் வழக்கம்போல் தலைக்கனமும் வந்துவிட்டது. இந்த ஜில்லாவிலேயே இப்படிக் கேட்கிற டாக்டர் நான் ஒருவன்தான் என்று ஒரு மிதப்பில் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நயினார் வந்தார். பின்னால் அவர் மனைவியும், துணைக்கு நயினாரின் தங்கையும். கட்டட விஷயமாக வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"எங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப நாளா ஒடம்பு சரியில்ல தம்பி. எந்த டாக்டர்கிட்டயும் வர மாட்டேன்னாங்க. பெரிய டாக்டர்கிட்டகூட ஒரு தபா போனவங்க, அப்பறம் போகவே மாட்டேன்னுட்டாங்க. ஏன்னு கேட்டேன். சும்மாதான்னாங்க." அவர் தரையைப் பார்த்தார். "சும்மான்னு நானும் விட்டுட்டேன் தம்பி. அந்தச் சென்னை ரூம்ல அந்தப் பொண்ணு பேசறப்பத்தான் எனக்கு..." முடிக்காமல் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார்.

அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அடிவயிற்றில் வலி, நெடுங்காலமாக, என்று பாதி வார்த்தையில் சொன்னார். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். உங்கள் நாத்தனார் பக்கத்திலேயே நிற்கட்டும் என்றேன். பிறகு என் பெருமைக்குரிய வசனத்தைச் சொன்னேன்.

"பாக்கலாங்களாம்மா?"

"வேணாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நல்லவனாக ஒருவன் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்து எடுத்துச் சொன்னால் சம்மதிப்பார் என்று வாயைத் திறந்தேன். சரியான நேரத்தில் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை மூடியதற்காக நான் சந்தோஷப்படுகிற இடம் அது ஒன்றுதான்.

"சரிங்கம்மா. எப்ப வேணும்னு தோணுதோ அப்ப வாங்க. லேடி டாக்டர்தான் வேணும்னா திண்டிவனத்துல சொல்லி வைக்கறேன்" என்றேன்.

எழுந்து போனார்கள். வாசலில் நயினார், "பாத்தீங்களா?" என்றார். "இல்லைங்க, அவங்க வேணாம்னுட்டாங்க" என்றேன். அவர் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. குடையை விரித்து அந்த அம்மாளின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் மறுபடியும் நாத்தனாரோடு வந்தார். நயினார் வரவில்லை. இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கிப் பாருங்க" என்றார்.

"பாக்கறேம்மா. போன வாரம் வலி அதிகமா இருந்துதோ?"

"வலி எப்பவும் போலதான் இருந்துது. வேணாம்னு சொன்னா நீங்க விடுறீங்களான்னு பாக்கத்தான் போன வாரம் வந்தேன்."